ஒரு மணி நேரச் சூடு: ஓரங்கட்டப்பட்ட ஒரு புற்றுநோய் சிகிச்சை

கதிர்வீச்சு சிகிச்சைக்கு வருகிறவர்களிடம் நர்ஸ் சொல்லி அனுப்பும் விஷயங்களில் இது கட்டாயம் இருக்கும்: “கரண்ட் வைத்த இடத்தில் சூடா ஒத்தடம் கொடுத்துடாதீங்க.” கதிர் பட்டுக் கன்றிய தோல் சூடு தாங்காது, சரியான அறிவுரைதான். ஆனால் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் உள்ள இராஸ்மஸ் மருத்துவ மையத்தில், முற்றிய கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயோடு வரும் பெண்களுக்குக் கதிர்வீச்சு நடக்கும் அதே வாரங்களில், அடிவயிற்றுக்குள் இருக்கும் கட்டியை 41, 42 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றுகிறார்கள். வாரத்துக்கு ஒரு முறை, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல். வெளியே தோலுக்குத் தண்ணீரால் குளிர்ச்சி, உள்ளே கட்டிக்குச் சூடு.

இது நாட்டு வைத்தியம் இல்லை. நேற்று முளைத்த பரிசோதனையும் இல்லை. 1990 முதல் 1996 வரை, இடுப்புப் பகுதியில் முற்றிய புற்றுநோய் கொண்ட 358 பேரை நெதர்லாந்து மருத்துவர்கள் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குக் கதிர்வீச்சு மட்டும். மறு பிரிவுக்குக் கதிர்வீச்சோடு சூடும். ஜக்கோபா வான் டெர் ஜீ தலைமையிலான குழு 2000-ஆம் ஆண்டு ‘லான்செட்’ இதழில் முடிவை வெளியிட்டது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் கொண்ட 114 பெண்களில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 57 சதவீதம் பேருக்குக் கட்டி முழுக்க மறைந்தது. சூடும் பெற்றவர்களில் 83 சதவீதம் பேருக்கு மறைந்தது. மூன்று ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் பிரிவில் 27 சதவீதம், இரண்டாவதில் 51 சதவீதம். பன்னிரண்டு ஆண்டு கழித்துக் கணக்கெடுத்தபோதும் வித்தியாசம் அழியவில்லை: 20-க்கு 37. கதிர்வீச்சினால் பின்னாளில் வரும் பக்கவிளைவுகளும் கூடவில்லை.

கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. நம் நாட்டில் கதிர்வீச்சுக்காக வரிசையில் காத்திருக்கும் பெண்களில் மிகப் பெரும்பாலோர் இப்படி ஒரு சிகிச்சை இருப்பதையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அதற்குப் பாதிக் காரணம் சூடு என்ற பொருளின் குணம். மீதி, ஆய்வுக்குப் பணம் போடுகிறவர்களின் குணம்.

சூட்டுக்கும் புற்றுக்கும் உள்ள உறவு பழைய கதை. 1866-இல் ஜெர்மனியின் பான் நகரத்து அறுவை மருத்துவர் வில்ஹெல்ம் புஷ், தோல்தொற்றால் கடும் காய்ச்சல் கண்ட ஒரு நோயாளியின் கட்டி சுருங்கியதை எழுதிவைத்தார். 1890-களில் நியூயார்க்கின் வில்லியம் கோலி, கிருமியை வேண்டுமென்றே ஊசியில் ஏற்றிக் காய்ச்சலை வரவழைத்துப் பார்த்தார். ஸ்வீடனின் வெஸ்டர்மார்க் 1898-இல், கர்ப்பப்பை வாய்க் கட்டிக்குள் சுருள்குழாய் வைத்து அதில் சுடுநீரை ஓடவிட்ட அனுபவத்தை வெளியிட்டார். எக்ஸ்ரே கண்டுபிடித்து மூன்றே ஆண்டுதான் ஆகியிருந்தது. இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கான விளக்கம் ஆய்வகங்களிலிருந்து வர இன்னும் பல பத்தாண்டுகள் பிடித்தன.

அந்த விளக்கம் சுவாரசியமானது. கதிர்வீச்சு, புற்றுச் செல்லின் டிஎன்ஏ இழைகளை அறுத்துத்தான் அதைக் கொல்கிறது. ஆனால் அறுந்த இழையைத் திரும்ப ஒட்டவைக்கும் புரதங்கள் செல்லுக்குள்ளேயே உண்டு. காலையில் பட்ட அடியை மாலைக்குள் சரிசெய்துகொண்டு மறுநாள் கதிருக்கு எழுந்து நிற்கும் செல்கள்தான் மருத்துவர்களின் தலைவலி. அந்தப் பழுதுபார்ப்பைச் சூடு முடக்குகிறது. 41 முதல் 42.5 டிகிரி வரையிலான மிதமான சூட்டிலேயே பிஆர்சிஏ2 என்ற புரதம் சிதைந்துவிடுகிறது என்று ரோட்டர்டாமின் ரோலண்ட் கனார் குழு 2011-இல் காட்டியது. மார்பகப் புற்று பரம்பரையாக வரும் சில குடும்பங்களில் பழுதாகியிருக்கும் அதே பிஆர்சிஏ2தான். பிறவியிலேயே வரும் அந்தப் பலவீனத்தைச் சில மணி நேரத்துக்கு மட்டும், கட்டிக்கு மட்டும் வரவழைக்கிறது சூடு.

இன்னொரு வேலையும் அது செய்கிறது. பெரிய கட்டியின் நடுப்பகுதிக்கு ரத்தம் சரியாகப் போய்ச் சேராது. ஆக்சிஜன் குறைந்த அந்தச் செல்களைக் கொல்ல இரண்டரை மடங்கு முதல் மூன்று மடங்கு வரை கதிர் தேவைப்படும். மிதமான சூடு பட்டால் ரத்த ஓட்டம் கூடும், ஆக்சிஜன் கூடும், கதிருக்குப் பலம் கூடும். அதோடு, கதிருக்கு அதிகம் அசைந்துகொடுக்காத செல்கள், அதாவது டிஎன்ஏவைப் படியெடுத்துக்கொண்டிருக்கும் நிலையில் உள்ளவையும் ஊட்டம் குறைந்து அமிலத்தன்மையில் தவிப்பவையும், சூட்டுக்குச் சீக்கிரம் மடிகின்றன. கதிர் தோற்கும் இடத்தில் சூடு ஜெயிக்கிறது.

அப்படியானால் தினமும் சூடேற்றலாமே என்று கேட்கத் தோன்றும். கூடாது. ஒருமுறை சூடுபட்டுப் பிழைத்த செல், அதிர்ச்சிப் புரதங்களை உருவாக்கிக்கொண்டு அடுத்த சில நாட்களுக்குச் சூட்டைத் தாங்கப் பழகிவிடுகிறது. அதனால்தான் வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறைதான். அளவு மிஞ்சினாலும் ஆபத்து. 43 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரி கூடும்போதும், செல் சாகத் தேவையான நேரம் பாதியாகக் குறையும். கட்டிக்குப் பொருந்தும் இந்தக் கணக்கு பக்கத்தில் இருக்கும் குடலுக்கும் பொருந்தும். 41-க்கும் 43-க்கும் இடையே உள்ள இரண்டு டிகிரி வித்தியாசத்தில்தான் மொத்த சிகிச்சையும் நடக்கிறது.

சிகிச்சை அறையில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் இது எளிதில்லை என்பது புரியும். நோயாளியை நீளமான படுக்கையில் கிடத்தி, இடுப்பைச் சுற்றி வளையம் போன்ற கருவியைப் பொருத்துவார்கள். வளையத்துக்கும் உடம்புக்கும் நடுவே தண்ணீர் நிரப்பிய பை. தோலைக் குளிர்விக்கவும், அலையை உடம்புக்குள் கடத்தவும் அதுதான். சுற்றிலும் உள்ள ஆன்டெனாக்கள் 70 முதல் 120 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ரேடியோ அலைகளை அனுப்பும். ஒவ்வொன்றின் வீச்சையும் நேரத்தையும் மாற்றி மாற்றி, அலைகள் கட்டி இருக்கும் இடத்தில் ஒன்றுசேரும்படி செய்ய வேண்டும். பிறப்புறுப்பு, சிறுநீர்ப்பை, மலக்குடல் வழியாக மெல்லிய குழாய்களில் வெப்பமானிகள் உள்ளே போயிருக்கும். நோயாளிக்கு வியர்த்துக்கொட்டும், நாடித்துடிப்பு ஏறும். “இடது தொடைகிட்ட ரொம்பச் சுடுது” என்று அவர் சொன்னால், டெக்னீஷியன் அந்தப் பக்கத்துச் சக்தியைக் குறைப்பார். அதனால் மயக்க மருந்து கிடையாது. வலியைச் சொல்ல நோயாளி விழித்திருக்க வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும், சூடேற்றும் இடத்தில் உலோகம் பொருத்தியவர்களுக்கும் இந்தச் சிகிச்சை ஆகாது. சிலருக்குக் கொப்புளம் வரும், தோலுக்கடியில் கொழுப்பு வெந்து கெட்டிப்படும். பெரும்பாலும் தானாக ஆறிவிடும் என்றாலும் நோயாளிக்கு அது வேதனைதான்.

இந்த அளவிடும் வேலையில்தான் சூடு சிகிச்சை முதலில் சறுக்கியது. கதிர்வீச்சை மில்லிமீட்டர் கணக்கில் திட்டமிடலாம். போட்ட கணக்குப்படி டோஸ் போய்ச் சேரும். சூடு அப்படியில்லை. பக்கத்தில் ஒரு பெரிய ரத்தக்குழாய் ஓடினால் அது சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது: கட்டியின் ஒரு மூலையில் 42 டிகிரி இருக்கும்போது இன்னொரு மூலையில் 39-தான் இருக்கலாம். 1980-களில் அமெரிக்காவின் கதிர்வீச்சு ஆய்வுக் கூட்டமைப்பு, தோலுக்கு அருகில் உள்ள கட்டிகளில் பெரிய ஆய்வொன்றை நடத்தியது. ஒட்டுமொத்தத்தில் சூட்டால் பலன் தெரியவில்லை. சிறிய கட்டிகளில் மட்டும் கொஞ்சம் முன்னேற்றம். பிறகு ஆராய்ந்தபோது, திட்டமிட்ட சூடு பெரும்பாலான கட்டிகளுக்குப் போய்ச் சேரவே இல்லை என்று தெரிந்தது. ஆனால் அதற்குள் அமெரிக்காவில் ஆர்வம் வடிந்துவிட்டது. போதுமான அளவு கொடுக்காத மருந்தைப் பலனற்றது என்று ஒதுக்கியதற்குச் சமம் அது. ஐரோப்பியர்கள் மட்டும் விடாமல் அளவீட்டைச் சீர்செய்துகொண்டே போனார்கள்.

அடுத்த சறுக்கல் காலத்தின் விளையாட்டு. டச்சு ஆய்வு வெளியாவதற்கு ஓராண்டு முன்னால், 1999 பிப்ரவரியில், அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனம் அவசர அறிவிப்பு ஒன்றை விடுத்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் கீமோவும் கொடுத்தால் ஆயுள் கூடுகிறது என்று ஐந்து ஆய்வுகள் சொல்லியிருந்தன. உலகம் முழுக்க மருத்துவமனைகள் உடனே அதற்கு மாறின. ஊசி மூலம் ஏற்றும் மருந்து. எந்த ஊரிலும் கிடைக்கும். புது மெஷின் வேண்டாம். மறு ஆண்டு சூட்டின் கதை வந்தபோது ஒப்பிடுவதற்கான அளவுகோலே மாறியிருந்தது. டச்சு ஆய்வில் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் பலன் எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்ற விமர்சனமும் எழுந்தது. அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. அங்கே சேர்த்த கட்டிகள் பெரியவை, முற்றியவை.

சூட்டுக்கு எதிரான சாட்சியத்தை மறைக்கவும் கூடாது. சர்வதேச அணுசக்தி முகமையின் ஆதரவில் 110 பெண்களிடம் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில் சூட்டால் எந்தப் பலனும் தெரியவில்லை. நோய் அவ்வளவாக முற்றாத ஒரு நிலையில் இருந்தவர்களுக்கு ஆயுள் குறையவும் செய்தது. சூடேற்றிய விதத்தில் குறை இருந்தது என்று ரோட்டர்டாம் குழுவினர் பதில் எழுதினார்கள். இருக்கலாம். ஆனால் சரியாகச் செய்யாவிட்டால் பலிக்காது என்று ஒரு சிகிச்சையைப் பற்றிச் சொல்கிறவர்கள், நெரிசலான ஒரு மருத்துவமனையில் அதைச் சரியாகச் செய்ய முடியும் என்பதையும் நிரூபித்தாக வேண்டும்.

கீமோ, கதிர்வீச்சு இரண்டோடும் சூட்டைச் சேர்த்தால் என்ன ஆகும்? ஜப்பானில் 101 பெண்களிடம் நடந்த ஆய்வில் ஐந்தாண்டு ஆயுள், அதாவது ஐந்து ஆண்டு கழித்தும் உயிரோடு இருந்தவர்களின் பங்கு, 64.8 சதவீதத்திலிருந்து 77.8 ஆனது, ஆனால் எண்ணிக்கை சிறியதென்பதால் புள்ளியியல் அதை உறுதியாக ஏற்கவில்லை. 2020-இல் வெளியான சீன ஆய்வில் 373 பெண்கள்; ஐந்தாண்டு ஆயுள் 72.3-லிருந்து 81.9. இங்கே புள்ளியியலும் ஒத்துக்கொண்டது. தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க்கில் அரசு மருத்துவமனையில் எச்ஐவி தொற்றுள்ள பெண்களையும் சேர்த்து நடந்த ஆய்வில், ஆறு மாதம் கழித்து இடுப்புப் பகுதியில் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு: 19.8-க்கு 38.6 சதவீதம். பணக்கார நாடுகளில் மட்டும்தான் இது முடியும் என்ற பேச்சுக்கு ஜோஹன்னஸ்பர்க் பதில்.

சீன எண்களுக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணை வைத்துப் பார்க்கலாம். பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தை இதே நோய்க்கு இதே கீமோ–கதிர்வீச்சோடு சேர்த்து 1,060 பெண்களிடம் சோதித்தார்கள். மூன்றாண்டு ஆயுள் 74.8-லிருந்து 82.6. வெவ்வேறு ஆய்வுகளின் எண்களை நேருக்கு நேர் நிறுத்தி எது சிறந்தது என்று தீர்ப்புச் சொல்லக்கூடாதுதான். என்றாலும் ஒன்றைச் சொல்லலாம். அந்த மருந்துக்குப் பின்னால் ஒரு பெரிய கம்பெனி இருந்தது. அதனால் ஆயிரம் பேரிடம் ஆய்வு நடந்தது, 2024-இல் அமெரிக்க அனுமதியும் கிடைத்தது. நம்மூரில் அதன் ஒவ்வொரு தவணைக்கும் லட்சங்களில் விலை. சூட்டுக்குக் காப்புரிமை கிடையாது. நெதர்லாந்தில் கணக்குப் போட்டபோது, சூடு சிகிச்சையால் கூடும் ஒவ்வோர் ஆயுள் ஆண்டுக்கும் ஆன செலவு 4,000 யூரோவுக்கும் குறைவு.

கம்பெனி இல்லாமல் பெரிய ஆய்வு நடக்காது என்பதும் பொய். விலை மலிவான இரண்டு பழைய கீமோ மருந்துகளைக் கதிர்வீச்சுக்கு முன் ஆறு வாரம் கொடுத்துப் பார்த்த ‘இன்டர்லேஸ்’ ஆய்வு, பிரிட்டனின் புற்றுநோய் அறக்கட்டளை ஒன்றின் நிதியில் 500 பெண்களிடம் நடந்தது. ஐந்தாண்டு ஆயுள் 72-லிருந்து 80 சதவீதமாக உயர்ந்தது. அதில் சேர்ந்த ஐந்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

இந்தியாவுக்குச் சூடும் புதிதில்லை. நிலோய் ரஞ்சன் தத்தா குழு 1990-இலேயே தலை, கழுத்துப் புற்று கொண்ட 65 பேரிடம் செய்த ஆய்வை வெளியிட்டது: கதிர்வீச்சு மட்டும் என்றால் 31 சதவீதம் பேருக்குக் கட்டி முழுக்க மறைந்தது, சூடு சேர்ந்தால் 55. மும்பை நானாவதி மருத்துவமனையில் நாகராஜ் ஹுயில்கோல் 2010-இல் வெளியிட்டதில் 42-க்கு 79 சதவீதம். இரண்டும் சிறிய ஆய்வுகள். இரண்டிலும் ஒப்பீட்டுப் பிரிவுக்குக் கீமோ இல்லை. ஆனால் வெற்றிலை, புகையிலை, பான்பராக் என்று வாய்ப் புற்று மலிந்த நாட்டில், ஆண்டுக்கு 1.35 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் புதிதாக வாய்ப் புற்று வரும் நாட்டில், இதை யாரும் பெரிதாக எடுத்துத் தொடரவில்லை. தத்தா பின்னாளில் இதே துறையில் பணியாற்றியது சுவிட்சர்லாந்தின் ஆரவ் நகரில். ஜப்பானில் தேசியக் காப்பீடு 1990 முதலே இந்தச் சிகிச்சைக்குப் பணம் தருகிறது.

எல்லோருக்கும் சூடு வைக்கச் சொல்வது இந்தக் கட்டுரையின் நோக்கமில்லை. தொடங்குவதற்குச் சரியான ஒரு கூட்டம் கண்முன்னே இருக்கிறது. இந்தியாவில் ஆண்டுக்கு 1.2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்று கண்டுபிடிக்கப்படுகிறது. பலர் முற்றிய நிலையில்தான் வருகிறார்கள். கட்டி பெருத்துச் சிறுநீர்க்குழாயை நெருக்கும், சிறுநீரகம் வீங்கும், ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு ஏறும். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்து என்பதால் இவர்களில் பலருக்கு அதைக் கொடுக்க முடியாது. வேறு வழியில்லாமல் பலர் கதிர்வீச்சு மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். அதாவது 1990-களின் டச்சு ஆய்வில் ஒப்பீட்டுப் பிரிவில் இருந்த பெண்களின் நிலைமை இவர்களுக்கு இன்றும் நீடிக்கிறது. சூடு சிறுநீரகத்தைத் தொடாது. அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2011-இல் ஒரு சூடேற்றும் கருவிக்கு மனிதாபிமான அடிப்படையில் சிறப்பு விலக்கு அளித்ததும், கீமோ தாங்க முடியாத கர்ப்பப்பை வாய்ப் புற்று நோயாளிகளுக்குத்தான். கீமோ–கதிர்வீச்சையும் சூடு–கதிர்வீச்சையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஒரு டச்சு ஆய்வு, ஆள் சேராமல் 87 பேரோடு பாதியில் நின்றது. அதுவரை சேர்ந்தவர்களில் இரண்டு பிரிவின் பலனும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. சூடு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, உடம்பு முழுவதையும் சூடாக்கிப் புற்றைக் கரைத்துவிடுவோம், கதிர்வீச்சே வேண்டாம் என்று வலை விரிக்கிற கிளினிக்குகள் பல நாடுகளில் உண்டு. மேலே சொன்ன எந்த ஆய்விலும் சூடு தனியாக யாரையும் குணமாக்கியதாகச் சொல்லவில்லை. கதிர்வீச்சுக்கு அது துணைதான். நீராவிக் குளியலும் வெந்நீர்ப் பையும் அடிவயிற்றின் ஆழத்தில் இருக்கும் கட்டியை 42 டிகிரிக்குக் கொண்டுபோகாது. உடம்பின் ரத்த ஓட்டம் அதை விடாது. தோல்தான் வேகும்.

செய்ய வேண்டியது என்ன? டாடா மெமோரியல் மருத்துவமனை முன்னின்று 2012-இல் உருவாக்கிய தேசியப் புற்றுநோய் வலையமைப்பில் நாடு முழுவதும் 300-க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. அவற்றில் சில அரசு மையங்களைத் தேர்ந்தெடுத்து, சிஸ்பிளாட்டின் கொடுக்க முடியாத பெண்களிடம் கதிர்வீச்சு மட்டும், கதிர்வீச்சோடு சூடு என்று ஆய்வு நடத்துவதற்கு மத்திய, மாநில அரசுகள் பணம் ஒதுக்கலாம். மெஷின் வாங்கித் திறப்புவிழா நடத்திப் போட்டோ எடுப்பதோடு நின்றால் அது மூலையில் தூசிபடியும். 1980-களின் அமெரிக்கத் தோல்வி மெஷின் இல்லாததால் வந்ததல்ல. முதலில் வேண்டியது ஆட்கள்: வெப்பத்தை அளக்கப் பயின்ற மருத்துவ இயற்பியலாளர்கள், ஒன்றரை மணி நேரம் நோயாளியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க நேரம் ஒதுக்கப்பட்ட டெக்னீஷியன்கள். கதிருக்கும் சூட்டுக்கும் இடையே எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதும் இங்கே முக்கியம். இடைவெளி குறையக் குறைய நல்லது என்று ஆம்ஸ்டர்டாம் குழு சொல்கிறது. நான்கு மணி நேரத்துக்குள் இருந்தால் வித்தியாசமில்லை என்கிறது ரோட்டர்டாம் குழு. ஒரே லீனியர் ஆக்சிலரேட்டரில் காலை முதல் இரவு வரை நோயாளிகள் வரிசையில் நிற்கும் நம் மருத்துவமனையில், யாரை எந்த நேரத்துக்கு அழைப்பது என்பதே இந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது.

ஒவ்வொரு நோயாளிக்கும் கட்டியின் எந்த இடத்தில் எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்பதைப் பதிவுசெய்து, முடிவு எப்படி வந்தாலும் வெளியிட வேண்டும். 2005-இல் அந்தப் பன்னாட்டுக் குழு தனக்குப் பாதகமான முடிவையும் மறைக்காமல் அச்சேற்றியது. அதனால்தான், நோய் அதிகம் முற்றுவதற்கு முன்பே வருகிற ஒரு பெண்ணுக்குச் சூடு வைக்கலாமா என்பதில் மருத்துவர்கள் இன்று தயங்குகிறார்கள், தயங்கவும் வேண்டும். சிறுநீரகம் வீங்கி வருகிற பெண்ணுக்கு வைக்கலாமா என்பதற்கு நம் மருத்துவமனைகளின் பதிவேடுகளில் இன்னும் பதில் எழுதப்படவில்லை.